பவளத் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்?

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டு மீன் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பவளம் வைக்கணும்னா எத்தனை வாட் லைட் போடணும்?" என்பதுதான். கடைக்காரர் ஒரு எண்ணைச் சொல்வார். வாங்குகிறவர் அதற்கும் ஒரு படி மேலே போய்ப் பெரியதாகவே வாங்கிவிடுவார். உயிருள்ள ஒன்றுக்குச் செலவழிக்கும்போது கை சுருங்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தாலேயே ஒரு மாதத்துக்குள் பவளம் வெளுத்துப் போவதும் உண்டு. அப்போதும் எழும் சந்தேகம் என்ன தெரியுமா? "வெளிச்சம் பத்தலையோ?"

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி என்று தென்சென்னைப் புறநகர்களில் வீட்டு ஹாலுக்குள் ஒரு துண்டுக் கடலை வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டும்: இந்த ஊருக்கு மிதமான வெளிச்சம் போதும். பவளத்தின் உடம்பைப் பார்த்தாலும், சென்னையின் வெயிலைப் பார்த்தாலும், நாட்டின் சட்டத்தைப் பார்த்தாலும் விடை இதுவாகத்தான் வருகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பவளத்துக்குள் ஒரு சமையல்காரர்

பவளம் செடி இல்லை, கல்லும் இல்லை. ஜெல்லி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவுமுறையான ஒரு விலங்கு. வாயும் இரை பிடிக்கும் உணர்கொம்புகளும் அதற்கு உண்டு. விலங்குக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்டால், அதன் திசுக்களுக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகளுக்காக. சூசாந்தெல்லே என்று பெயர். பவளம் பாசிக்கு வீடு கொடுக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை கொடுக்கிறது. வெப்பமண்டலப் பாறைகளில் வாழும் பல பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை இந்தக் குடித்தனக்காரர்தான் சமைத்துப் போடுகிறார்!

ஆகவே விளக்கு என்பது பவளத் தொட்டியில் அலங்காரம் அல்ல, அடுப்பு. அடுப்பே எரியாவிட்டால் பட்டினி. அளவுக்கு மீறி எரிந்தாலோ வீடே பற்றிக்கொள்ளும். வெளிச்சம் கூடிப்போனால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தாங்காமல் திணறி, செல்லைச் சிதைக்கும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பாசியையே வெளியே துரத்திவிடுகிறது. நிறம் கொடுத்துக்கொண்டிருந்த பாசி போனதும், உள்ளே இருக்கும் வெள்ளை எலும்புக்கூடு கண்ணாடி போன்ற தோல் வழியாகத் தெரிகிறது. வெளுத்தல் என்பது இதுதான். வெளுத்த பவளம் உடனே செத்துவிடாது, பட்டினி கிடக்கும். சில வாரங்களுக்குள் நிலைமை சரியானால் பாசி திரும்பி வரலாம். அந்த நேரத்தில் போய் இன்னும் ஒரு விளக்கை மாட்டினால் கதை முடிந்தது.

கண் சொல்வதை நம்ப முடியாது

விளக்குப் பெட்டியின் மேல் மூன்று எண்கள் இருக்கும்: வாட், லூமன், கெல்வின். மூன்றுமே பவளத்தின் கேள்விக்கு நேரடிப் பதில் சொல்வதில்லை.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். அதில் எவ்வளவு ஒளியாகிறது, எவ்வளவு வெறும் சூடாகிறது என்று அது சொல்லாது. லூமனும் லக்ஸும் மனிதக் கண்ணுக்காக உருவானவை. நம் கண் பச்சைக்கும் மஞ்சளுக்கும் அதிக மதிப்பெண் போட்டு, நீலத்துக்கு மிகக் குறைவாகப் போடும். பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கோ நீலம்தான் முக்கிய உணவு. காரணம் கடல். தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கும். முதல் சில மீட்டர்களிலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். தெளிந்த கடலில் ஆழம் போகப் போக எஞ்சுவது நீலம்தான். பல்லாயிரம் தலைமுறைகளாக நீலத்தில் சமைத்துப் பழகிய பாசி அது. அதனால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நீல விளக்கு, பவளத்துக்கு உச்சி வெயிலாக இருக்க வாய்ப்பு உண்டு. செல்போனில் லக்ஸ் செயலி போட்டுப் பார்த்து "கம்மியாத்தான் இருக்கு" என்று விளக்கைக் கூட்டுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கெல்வின் எண் நிறத்தை மட்டும் சொல்கிறது. 6,500 என்றால் பகல் வெள்ளை, 10,000 என்றால் குளிர்ந்த வெள்ளை, 20,000 என்றால் அடர் நீலம். அளவை அது சொல்வதே இல்லை.

பவளத்துக்குப் பொருந்தும் அளவு 'பார்' எனப்படும் பி.ஏ.ஆர். 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்ற கணக்கு. மைக்ரோமோல் என்ற அலகில் சொல்வார்கள். வெயில் காலத்து நண்பகலில் மொட்டை மாடியில் நின்றால் இது சுமார் 2,000 இருக்கும். தொட்டியில் வளர்ப்பவர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவுகள் இவை:

மஷ்ரூம், சோவாந்திட், லெதர் போன்ற மென்பவளங்கள்: 50 முதல் 150 வரை.
பெரிய சதைப்பற்றுள்ள பாலிப்புகள் கொண்ட கடினப் பவளங்கள்: 80 முதல் 150 வரை.
மான்கொம்பு போன்ற சிறு பாலிப் கடினப் பவளங்கள்: 200 முதல் 350 வரை, சிலவற்றுக்கு அதற்கும் மேல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒளி கூடக் கூட ஒளிச்சேர்க்கையும் கூடிக்கொண்டே போகாது. ஒரு கட்டத்தில் பாசி "போதும்" என்று சொல்லிவிடும். பல பவளங்களில் 200 முதல் 400க்குள் அந்தக் கட்டம் வந்துவிடுகிறது. அதற்கு மேல் கொட்டும் ஒவ்வொரு துளி ஒளியும் வீண். கொஞ்சம் தாண்டினால் கெடுதல். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றுவது மாதிரி.

நீல விளக்கு செய்த புரட்சி

ஒரு காலத்தில் கடல் தொட்டி என்றால் மெட்டல் ஹாலைட் விளக்குதான். 250 வாட், 400 வாட் என்று தொங்கும். கிரிக்கெட் மைதானங்களுக்கு ஒளியூட்டிய அதே வம்சம். பிறகு டி5 ஃபுளோரசன்ட் குழல்கள் வந்தன. எல்.ஈ.டி.யில் நீலம் கிடைக்காமல் விஞ்ஞானிகள் நெடுங்காலம் தவித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானியர்கள் அதைச் சாதித்தார்கள். இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அதற்காகவே கிடைத்தது. வீட்டுக்கு வெள்ளை எல்.ஈ.டி. பல்பு வந்ததும் அந்தக் கண்டுபிடிப்பால்தான். பவளத்துக்கு வேண்டிய நீலத்தை, வேண்டாத அகச்சிவப்புச் சூடு இல்லாமல் கொடுக்க முடிந்ததும் அதனால்தான்.

ஆகவே இன்று புதிதாகத் தொடங்குகிறவர் எல்.ஈ.டி.யைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. ஃபுளோரசன்டுக்கு எதிர்காலமும் இல்லை. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடி, 2027க்குள் அந்த விளக்குகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த முடிவு செய்துவிட்டன. மாற்றுக் குழல் கிடைக்காத சட்டத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று இப்போது வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

சென்னை என்ற அடுப்பு

இனி ஊருக்கு வருவோம். வெளிநாட்டு இணையதளங்களைப் படித்துவிட்டுத் தொட்டி வைப்பவர்கள் மறந்துபோகும் விஷயம் இது. அங்கே குளிர்காலத்தில் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் போடுகிறார்கள். நம் ஊரிலோ சூட்டை வெளியேற்றுவதே பெரும்பாடு. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. சாதாரணக் கத்திரி வெயிலிலேயே மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளுக்கு மதியம் வரும் கடல்காற்று தாம்பரத்துக்கு வந்து சேரும்போது நேரம் ஆகிவிடும்.

பவளத் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வரை நல்லது. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. இந்தச் சூழலில் விளக்கு இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்கு: இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 125 லிட்டர் பிடிக்கும். 250 வாட் ஹாலைட் 8 மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். அதில் பாதி தண்ணீருக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றால் நீரின் வெப்பம் சுமார் 7 டிகிரி ஏறும்! 50 வாட் எல்.ஈ.டி. அதே நேரம் எரிந்தால் மொத்தமே 0.4 யூனிட். அதிலும் கணிசமான சூடு மேலே உள்ள அலுமினியத் தகடு வழியாக அறைக் காற்றுக்குப் போய்விடும். தண்ணீருக்கு வருவது ஏறக்குறைய ஒரு டிகிரி.

"சில்லர் போட்டால் போச்சு" என்பார்கள். சில்லர் சூட்டை அழிப்பதில்லை. தொட்டியிலிருந்து எடுத்து அறைக்குள் விடுகிறது. அந்த அறையைக் குளிர்விக்க ஏ.சி. வேண்டும். பெரிய விளக்கு, அதற்கொரு சில்லர், சில்லருக்கொரு ஏ.சி. என்று போய், ஒவ்வொன்றுக்கும் மின்கட்டணம் ஏறும். தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாகக் கூடும் என்பது வீட்டில் பில் கட்டுகிறவருக்கு நன்றாகத் தெரியும். மாணவர்களின் கடல் தொட்டிக் கனவுகள் பல கலைவது அந்த பில் வரும் நாளில்தான்.

மிதமான எல்.ஈ.டி. என்றால் பல வீடுகளில், ஆண்டின் பெரும்பகுதிக்கு, நீர்ப்பரப்பின் மேல் வீசும் ஒரு சிறு விசிறியே போதும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரம் கூடுதலாக உள்ள நாள்களில் இது மந்தமாகும் என்பதும் உண்மை. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை நிரப்ப ஆர்.ஓ. நீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல.

சூடும் ஒளியும் தனித்தனிப் பகைவர்கள் அல்ல என்பது இன்னும் முக்கியம். நீர் சூடாக இருக்கும்போது பாசியால் தாங்கக்கூடிய ஒளியின் அளவு குறைந்துவிடுகிறது. 1998இல் உலகெங்கும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது, பசிபிக்கில் தாகித்தி அடங்கிய சொசைட்டி தீவுகளின் பவளங்கள் பெரும்பாலும் தப்பின. அந்த நாள்களில் அங்கே நிலவிய மேகமூட்டம் காப்பாற்றியிருக்கக்கூடும் என்று 2001இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் தாம்பரத்து ஹாலுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மே மாதம் வந்தால் விளக்கைக் கால்பங்கு குறைத்துவிடலாம். மேகம் செய்யும் வேலையை டிம்மர் செய்யட்டும்!

சட்டம் என்ன சொல்கிறது?

இதுவரை பார்த்தது உயிரியலும் வெயிலும். மூன்றாவது காரணம் பலருக்கும் தெரியாதது.

சந்தையில் விற்கும் ராட்சத விளக்குகள் யாருக்காக? மேலே பார்த்த பட்டியலின் கடைசி வரிக்காக, அதாவது மான்கொம்பு வகைக் கடினப் பவளங்களுக்காக. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறிகள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. செத்துக் காய்ந்த வெள்ளைப் பவளக்கல்லை ஷோகேஸில் அடுக்குவதும் சிக்கல்தான். "இது வெளிநாட்டுச் சரக்கு சார்" என்ற வாய்ச்சொல்லும் போதாது. கடினப் பவளங்கள் சர்வதேச வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையிலும் உள்ளன. அனுமதித் தாள் இல்லாத சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கள்ளச் சரக்குதான்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தே போயின. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் வெட்டு உடனே நின்றுவிடவில்லை. மிச்சம் இருந்ததைக் கடல் சூடு 2010இலும் 2016இலும் வெளுக்கச் செய்தது. இப்போது தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தைப் போன்றவர்கள் பவளத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டி, கடலுக்கடியில் மீண்டும் நட்டு வளர்க்கிறார்கள். பாறாங்கல் போல் வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒருபுறம் அப்படி நட்டுக்கொண்டிருக்க, இன்னொரு புறம் அதை உடைத்து ஹாலுக்குக் கொண்டுவந்து 250 வாட் விளக்கின் கீழ் சாகடிப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

கடினப் பவளமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், ராட்சத விளக்கின் தேவையும் அந்த நிமிடமே போய்விடுகிறது. மஷ்ரூம், சோவாந்திட், லெதர் வகைகள் அந்தப் பட்டியலில் பெயரிடப்படவில்லை. அதற்காகக் கடலில் இறங்கிப் பெயர்த்து வரலாம் என்று அர்த்தமில்லை. தேசியப் பூங்காவுக்குள் எதையும் தொடக்கூடாது. இன்னொருவரின் தொட்டியில் பெருகியதிலிருந்து ஒரு துண்டு வாங்குவதே நல்ல வழி. இவை வேகமாகப் பெருகும், தவறுகளை மன்னிக்கும், குறைந்த வெளிச்சத்தில் வாழும். சோவாந்திட் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு என்பதால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது, கொதிநீர் ஊற்றிக் கழுவவும் கூடாது.

மென்பவளம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ரஷ்ய விஞ்ஞானிகள் 1999இல் வெளியிட்ட, இன்று உலகெங்கும் செல் ஆராய்ச்சியில் பயன்படும் சிவப்பு ஒளிர்புரதம் வந்தது டிஸ்கோசோமா என்ற மஷ்ரூம் பவளத்திலிருந்துதான். வீட்டுத் தொட்டிகளில் சர்வசாதாரணமாக வளரும் குடும்பம் அது!

எதிர்வாதங்கள்

"பெரிய விளக்கை வாங்கிக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே?" நியாயமான கேள்வி. டிம்மர் இருந்தால், வைத்தது வைத்தபடி இருக்கும் மன உறுதியும் இருந்தால், தப்பில்லை. ஆனால் கூட்டும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை அழுத்தாமல் இருப்பவர்கள் குறைவு. அந்தப் பணத்தில் நல்ல வெப்பமானி, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், நீரோட்டம் தரும் பம்பு ஆகிய மூன்றும் வாங்கிவிடலாம்.

"ஜன்னல் வெயில் இலவசம்தானே?" இலவசம்தான், கூடவே சூடும் பச்சைப் பாசியும் இலவசம். மேற்குப் பார்த்த ஜன்னல் அருகே வைத்த தொட்டி நாலு மணி வெயிலில் வென்னீர் ஆகிவிடும்.

"குறைந்த வெளிச்சத்தில் பவளம் சாகாதா?" மிகவும் குறைந்தால் சாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நலியும். வெளிச்சம் பத்தாத பவளம் தண்டை நீட்டி மேலே எட்டிப் பார்க்கும். பாசியைக் கூட்டிக்கொண்டு பழுப்பாகும். வெளிச்சம் மிஞ்சிய பவளம் சுருங்கும், வெளிறும், மஷ்ரூம் என்றால் பாறையை விட்டுக் கழன்று நிழலுக்குப் போகும். முதலாவதைத் திருத்த வாரக்கணக்கில் அவகாசம் உண்டு. இரண்டாவது சில நாள்களில் கைமீறிவிடும். தவறினால் எந்தப் பக்கம் தவறுவது நல்லது என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

வாங்கும்போதும் வைத்த பின்னும்

மேலே சொன்ன இரண்டடித் தொட்டிக்கு, டிம்மர் உள்ள 40 முதல் 60 வாட் எல்.ஈ.டி. மென்பவளங்களுக்கு தாராளம். நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். வெறும் நீலத்தில் பவளம் ஒளிர்வது அழகுதான். ஆனால் அந்தப் பளபளப்பில் வெளிறல் தெரியாது. அதனால் தினமும் சற்று நேரம் வெள்ளையில் பார்ப்பது மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல. விளக்கு நீர்ப்பரப்புக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத உடலும், சுலபமாகத் துடைக்கக்கூடிய விசிறியும் அவசியம்.

புதிதாக மாட்டிய விளக்கை 30 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதம் என்று ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடலாம். இரவு இருட்டு பவளத்துக்கும் வேண்டும். விருந்தாளிகள் வந்தார்கள் என்று நள்ளிரவு வரை எரியவிடக் கூடாது.

கரண்ட் போகும்போது என்ன செய்வது? இந்தப் பகுதிக்காரர்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும், 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் பல புறநகர்களும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. அப்படிப்பட்ட நாள்களில் இன்வெர்ட்டரில் கடைசியாக இணைக்க வேண்டியது விளக்கு. இரண்டு மூன்று நாள் இருட்டைப் பவளம் தாங்கும். கடலில் கலங்கல் நாள்களில் பழகியதுதான். ஆக்சிஜன் இல்லாத நீரைச் சில மணி நேரம்கூட மீன்கள் தாங்காது. முதல் இணைப்பு ஏர் பம்புக்குத்தான். பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு ஒன்றை மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வைப்பது, கூடுதல் 100 வாட் விளக்கைவிடப் பல மடங்கு பயன்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்கள். விளக்கு விற்பவர்கள் வாட் கணக்கைப் பெரிதாக அச்சிடுவதை விட்டுவிட்டு, ஓரடி ஆழத்திலும் ஒன்றரை அடி ஆழத்திலும் எத்தனை 'பார்' கிடைக்கும் என்று பெட்டியில் போடட்டும். தொட்டி வைத்திருப்பவர்கள், தனியாக வாங்க விலை கட்டுப்படியாகாத 'பார்' மீட்டரைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தட்டும். ஒரு தொட்டியை அளக்கப் பத்து நிமிடம் போதும். அடுத்த ஆறு மாதத்துக்கு அது தேவைப்படாது.

மான்கொம்புப் பவளத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, ராமேஸ்வரத்துக்கு ஒரு ரயில் தாம்பரத்துக்கே கொடுக்கப்பட்டது. மாலையில் ஏறினால் விடியும் நேரத்தில் பாலத்தின் மேல் இருக்கலாம். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. அந்த நீருக்கடியில் இருக்கும் பவளங்களுக்கு யாரும் விளக்குப் போட வேண்டியதில்லை. அவற்றை அங்கேயே விட்டுவைத்தால் போதும்.